தொண்ணூற்றிரண்டும் தொண்ணூற்றொன்பதும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் – கணிதம் – மாணவி ஒருத்தி)

புளியங்குடியில் எங்கள் தெருவுக்கு மாலை நான்கு மணி வாக்கில் வந்து பாருங்கள். திண்ணைதோறும் பெண்கள் கால் நீட்டி அமர்ந்திருப்பார்கள். மடியில் சுளகு. சுளகில் ஒருபுறம் வெட்டிய இலை, மறுபுறம் தூள், நடுவே நூற்கண்டு. இலையை எடுத்து, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டிப் போடுவார்கள். பேச்சு பேச்சாக இருக்கும். வேலை வேலையாக இருக்கும். தம் கைகளை அவர்கள் பார்ப்பதே இல்லை. கண்கள் தெருவில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எலுமிச்சைக்குப் பெயர்போன ஊர் எங்கள் ஊர். சந்தையில் மூட்டை தூக்கும் ஆண்கள், வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் என்று எங்கள் தெருவின் பொருளாதாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். என் தந்தையார் முதல் வகை. தாயார் இரண்டாம் வகை. கல்லூரிப் படியை மிதித்தவர் எங்கள் இரு வழிக் குடும்பத்திலும் எனக்கு முன்னர் எவருமில்லை.

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பேராசிரியர் கேட்டபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் எது என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் தோன்றின. ஒன்று பீடி. மற்றொன்று கைப்பேசியில் நான் ஆடிய ஒரு விளையாட்டு. இரண்டையும் தனித்தனியே எழுத எனக்கு வரவில்லை. ஏனென்றால் இரண்டையும் நான் ஒரே சுளகின் முன் அமர்ந்துதான் கற்றேன்.

கைப்பேசி விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் பலர். அதில் நியாயமும் உண்டு. பணம் கட்டி ஆடி, கட்டியதை இழந்து, குடும்பத்தையே தெருவில் நிறுத்தியவர்கள் கதை நாம் அறியாததன்று. நான் சொல்லப்போவது அந்த வகை ஆட்டமன்று. இதில் நான் ஒரு காசும் கட்டவில்லை. ஒரு காசும் பெறவில்லை. இழந்தது நேரம் ஒன்றே. அதைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடம் கைப்பேசிக்கு வரும் என்றார்கள். என் தாயார் தவணையில் ஒரு கைப்பேசி வாங்கித் தந்தார். அந்தத் தவணை முடிய எத்தனை ஆயிரம் பீடி என்று அவர் கணக்குச் சொன்னார். நான் மறந்துவிட்டேன், அவர் மறந்திருக்க மாட்டார். 2021இல் தேர்வே இல்லாமல் எல்லாரும் தேர்ச்சி பெற்றோம். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் தேர்ச்சி என்ற ஒரு சொல் மட்டும் அச்சாகி வந்த சான்றிதழ் என்னிடம் இன்னும் இருக்கிறது. பத்தாண்டுகள் படித்ததற்கு ஓர் எண்கூட இல்லையே என்று அன்று எனக்கு வருத்தம். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று ஊரில் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் காட்ட ஒரு தாள் வேண்டாமா?

அந்தக் கோடையில்தான் பெரியம்மா மகன் அண்ணன், கோவையிலிருந்து வந்திருந்தவர், இந்த விளையாட்டைக் காட்டினார். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று பெயர். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்பவர் தம் சகோதரர் பால் என்பவருடன் உருவாக்கி, 2001 ஜனவரியில் வெளியிட்டது ரூன்ஸ்கேப். அதன் 2007ஆம் ஆண்டு வடிவத்தை விரும்பியவர்களுக்காக 2013இல் இந்தப் பழைய பாணி விளையாட்டு மீண்டும் வந்தது. 2018இல் கைப்பேசிக்கும் வந்தது. படங்கள் பழங்காலத்துப் பொம்மைகளைப்போல் சதுரம் சதுரமாக இருக்கும். அதனாலேயே மலிவான கைப்பேசியிலும் ஓடும்.

ஆடாதவர்களுக்குச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். அந்த உலகத்தில் நமக்கென்று ஒரு பாத்திரம் உண்டு. உலகெங்கிலும் இருந்து ஆடுகிறவர்கள் அதே உலகத்தில் தத்தம் பாத்திரங்களோடு உலவுகிறார்கள். கதை கேட்டு நடப்பதும் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது தொழில்களின் உலகம். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சுரங்கம் தோண்டுவது, சமைப்பது, இரும்படிப்பது என இருபதுக்கும் மேற்பட்ட திறன்கள். ஒவ்வொரு திறனுக்கும் படிகள். தொடங்கும்போது பெரும்பாலான திறன்களில் முதற்படி. உச்சி 99ஆம் படி. செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் அனுபவப் புள்ளி என்று ஒன்று சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் பாத்திரம் அடுத்த படிக்கு ஏறும்.

நான் எடுத்துக்கொண்டது மரம் வெட்டும் தொழில். சாதாரண மரத்தில் ஒரு கட்டைக்கு 25 புள்ளி. 15ஆம் படியில் ஓக் மரம் வெட்டலாம், கட்டைக்கு 37.5. 30ஆம் படியில் நீர்க்கரையில் வளரும் வில்லோ மரம், கட்டைக்கு 67.5. டிரேனர் என்றொரு சிற்றூர் உண்டு, அதன் கரையோரம் வில்லோ மரங்கள் நிற்கும். அங்கே என் பாத்திரத்தை நிறுத்தி, மரத்தை ஒரு முறை தொட்டால் போதும். அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும். மரம் சாய்ந்ததும் அடுத்த மரத்தைத் தொட வேண்டும். பையில் 28 பொருள்தான் கொள்ளும். நிறைந்ததும் பக்கத்திலுள்ள வங்கியில் போட்டுவிட்டு வர வேண்டும்.

பீடிக் கட்டுக்கு 25. என் பைக்கு 28.

தாயாருக்கு உதவியாக நானும் அந்நாளில் சுற்றுவேன். சுளகின் விளிம்பில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்பேன். விரலில் தூள் இருக்கும், ஆகவே சுண்டுவிரலின் பின்புறத்தால் மரத்தைத் தொடுவேன். நாலைந்து பீடிக்கு ஒரு தொடல். படி ஏறும்போதெல்லாம் பாத்திரத்தின் தலைக்குமேல் வாணவேடிக்கை வெடிக்கும், ஒரு சிறு இசை எழும், வாழ்த்துச் செய்தி வரும். அக்கம்பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாதவர்களும் அந்த வேடிக்கையைக் காண்பார்கள். சிலர் பாராட்டி ஒரு சொல் எழுதுவார்கள். சான்றிதழில் மதிப்பெண் வராத ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுவதுண்டு. ஏணியில் ஏறியவன் பாம்பின் வாயில் விழுந்து தொடக்கத்துக்கே வந்துவிடுவான். இந்த விளையாட்டில் பாம்பு கிடையாது. பாத்திரம் இறந்தால்கூடக் கைப்பொருள் போகலாம். ஏறிய படி போகாது. வெட்டிய ஒவ்வொரு கட்டையும் கணக்கில் ஏறும். ஏறியதை எவரும் பறிக்க முடியாது. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளை இது இழுப்பதில் வியப்பென்ன?

இந்தப் படிகளின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கணிப்பொறி இல்லாமல் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடுவது. அனுபவப் புள்ளி, படி என்னும் இரண்டையும் நாட்டியது அதுதான். அதில் ஒரு போர்வீரன் இரண்டாம் படிக்கு ஏற 2,000 புள்ளி வேண்டும். மூன்றாம் படிக்கு 4,000. நான்காம் படிக்கு 8,000. இந்த இரட்டிப்பைச் சற்று நினைவில் வையுங்கள், பின்னர் வருகிறேன்.

1978இல் இங்கிலாந்தின் எஸ்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் பலர் ஒரே நேரத்தில் கணிப்பொறியில் ஆடும் ஓர் உலகத்தை எழுதத் தொடங்கினார். மட் என்பது அதன் பெயர். அவரோடு சேர்ந்து, பிறகு அதை வளர்த்தெடுத்தவர் ரிச்சர்டு பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவர். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. புதிதாய் நுழைபவர் கற்றுக்குட்டி. புள்ளி சேர்த்துச் சேர்த்து உச்சியை அடைந்தவர் மந்திரவாதி. பார்ட்டில் உழைக்கும் மக்களிடையே வளர்ந்தவர். பிறப்பாலும் பேச்சு வழக்காலும் மனிதரை எடைபோட்ட சமூகத்துக்கு மறுமொழியாகவே, அவரவர் செயலால் மட்டுமே உயரக்கூடிய ஓர் உலகத்தைத் தாங்கள் அமைத்ததாக அவர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. படியேற்றம் என்பது நேரத்தைத் தின்னும் தந்திரம் என்று மட்டுமே நான் அதுவரை எண்ணியிருந்தேன். இரண்டு மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகக் கணிப்பொறியின் முன் அமர்ந்து இவ்வளவும் எண்ணியிருக்கிறார்கள்! இன்று அதே படிகளைக் காட்டி ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்டுப் பணம் பறிக்கும் விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன என்பதும் உண்மையே.

கல்லூரியில் சேர்ந்தேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது, பேருந்து கட்டணமில்லை, கணிதமே கிடைத்தது. சொக்கம்பட்டி, கடையநல்லூர் வழியாக வரும் பேருந்தில் இடம் கிடைத்த நாளெல்லாம் நானும் என் பாத்திரமும் மரம் வெட்டிக்கொண்டே வந்தோம். முதலாண்டின் முடிவில் ஒரு நாள் வாணவேடிக்கை வெடித்தது. 92ஆம் படி!

இன்னும் ஏழே படி. 99இல் 92 போய்விட்டது. நூற்றுக்கு 93 விழுக்காடு பாதை முடிந்தது என்று மனத்துக்குள் வகுத்தும் பார்த்துக்கொண்டேன். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் சிரித்துவிட்டு, “பாதி வந்துட்டே” என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 99ஆம் படிக்கு வேண்டியது 1,30,34,431 புள்ளி. 92ஆம் படிக்கு வேண்டியது 65,17,253. பாதியைவிட 38 புள்ளிதான் கூடுதல். மூன்றாண்டுகள் சுண்டுவிரல் தேயத் தொட்டது பாதி. மீதி ஏழு படியும் மற்றொரு பாதி.

கணித மாணவி அல்லவா, விட மனமில்லை. பட்டியலைப் பின்னோக்கிப் பார்த்தேன். 85ஆம் படிக்கு 32,58,594. 78ஆம் படிக்கு 16,29,200. 71ஆம் படிக்கு 8,14,445. ஒவ்வோர் ஏழு படிக்கும் பாதி பாதியாகக் குறைகிறது! அதன் சூத்திரமும் கிடைத்தது. நிற்கும் படியின் எண்ணை ஏழால் வகுத்து, வருவதை இரண்டின் அடுக்காக வைக்க வேண்டும். அதை 300ஆல் பெருக்கி, படியின் எண்ணைக் கூட்டி, நான்கால் வகுத்தால் அடுத்த படிக்கு வேண்டிய புள்ளி வரும். முதற்படிக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டின் ஏழாம் மூலம் 1.104, முந்நூறால் பெருக்க 331, ஒன்று கூட்ட 332, நான்கால் வகுக்க 83. ஆம், இரண்டாம் படிக்கு 83 புள்ளிதான். சாதாரண மரத்தில் நாலே கட்டை. தொடங்கிய சில நிமிடத்தில் வாணவேடிக்கை. 50ஆம் படிக்கு 1,01,333 புள்ளி. பாதிப் படி ஏறியவர் மொத்தப் புள்ளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை! பழைய மேசை விளையாட்டில் படிக்குப் படி இரட்டித்தது. இங்கே ஏழு படிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. தொடக்கத்தில் தட்டிக்கொடுத்து உள்ளே அழைக்கிறார்கள். பிறகு பாதையை மெல்ல மெல்ல நீட்டுகிறார்கள். படியின் எண்ணைப் பார்ப்பவனுக்கு அது தெரியாது. புள்ளியைப் பார்ப்பவனுக்கே தெரியும்.

இதைக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு இருந்த வாரத்தில்தான் பருவத்தேர்வு முடிவு வந்தது. ஒரு தாளில் அரியர். எந்தத் தாள் என்கிறீர்களா? வகையீட்டுச் சமன்பாடுகள். அடுக்கு வளர்ச்சியைப் பற்றிய பத்து மதிப்பெண் வினா ஒன்று வந்திருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. தேர்வு அறையில் அது வேறு ஏதோ ஊர்க் கணக்காகத் தெரிந்தது. கைப்பேசியில் மூன்றாண்டாக அதன்மேல்தான் நான் ஏறிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

விளையாட்டின் மேல் பழி போடலாம். தோழிகள் சிலர் அப்படியே சொன்னார்கள். முழு உண்மை அதுவன்று. ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் எனக்குப் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று எழுந்து கேட்க நாணினேன். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. புரியாத ஒன்றின் முன் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம்! தொட்டால் புள்ளி ஏறும் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. நான் அந்தப் பக்கம் சாய்ந்தேன். வேறு எவரையும் குறை சொல்வதற்கில்லை.

பதினாறு நாள் வீட்டில் சொல்லவில்லை. தாயார் கேட்கவுமில்லை. பதினேழாம் நாள், பீடிக் கடையில் அவருடைய கட்டு ஒன்றை மட்டமென்று கழித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் முகம் வாடியிருந்தது. அந்நேரம் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். அரியர் என்றால் என்ன என்று கேட்டார். ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுத வேண்டும் என்றேன்.

“மத்த பாடமெல்லாம்?”

“அதெல்லாம் பாஸ்தாம்மா.”

“அப்போ ஒரு கட்டுதானட்டி கழிவு? அதுக்கா சுளகையே கவுத்துவாங்க? சோத்தத் தின்னு.”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தந்தையாரிடம் அவரே சொல்லிவிட்டார் போலும். மறுநாள் அவர் சந்தையிலிருந்து வரும்போது எனக்கென்று நாலு முறுக்கு வாங்கி வந்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுவாரம் துணிந்து எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்றேன். விளையாட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பட்டியலை வாங்கிப் பார்த்தார். “இதற்கு மடக்கை எடுத்து வரைந்து பார்” என்றார். வரைந்தேன். தொடக்கத்துச் சில படிகளைத் தவிர மற்றெல்லாம் ஏறத்தாழ ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டிலிருந்துதான் அவர் எனக்கு அந்த அரியர் தாளின் முதல் அலகைத் தொடங்கினார். வளரும் வேகம் வளர்ந்த அளவுக்கு நேர்விகிதத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதே அந்தப் பாடத்தின் வாசல். அதற்குள் நான் மூன்றாண்டாக உள்ளேயே இருந்திருக்கிறேன். வாசல் எது என்று தெரியாமல்.

அவரே இன்னொன்றும் காட்டினார். கிராஸ்மன் என்னும் ஆய்வாளர் 1959இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. இயந்திரத்தில் சுருட்டு செய்யும் தொழிலாளர்களை அவர் ஆராய்ந்தார். ஒரு சுருட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பழகப் பழக அது எப்படிக் குறைகிறது என்பது கேள்வி. சில மாதங்களில் கற்றுக்கொண்டு நின்றுவிடுவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? இரண்டாண்டுகளுக்கு மேல், இலட்சக்கணக்கான சுருட்டுகளைச் செய்த பிறகும் அவர்களுடைய கை இன்னும் சிறிது சிறிதாக விரைந்துகொண்டே இருந்தது. இயந்திரத்தின் சுழற்சி அனுமதிக்கும் எல்லையை நெருங்கியபோதுதான் அந்தக் கோடு படுத்தது. செய்த அளவு இரட்டிக்கும்போதெல்லாம் நேரம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைகிறது என்பதே இதில் கிடைக்கும் விதி. முதல் ஆயிரத்துக்கும் இரண்டாம் ஆயிரத்துக்கும் இடையில் கண்ட முன்னேற்றத்தை மறுபடி காண இரண்டாயிரம் போதாது, நாலாயிரம் ஆக வேண்டும், பிறகு எட்டாயிரம்.

ஏழு படிக்கு ஒரு முறை இரட்டிக்கும் என் விளையாட்டும் இதையேதான் சொல்கிறது! உழைப்பு இரட்டித்தால் ஏழு படி. விளையாட்டை எழுதியவர்கள் கிராஸ்மனைப் படித்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனிதக் கை ஒரு தொழிலைக் கற்கும் விதத்துக்கும், ஒரு பொம்மை மரம் வெட்டக் கற்கும் விதத்துக்கும் கோடு ஒன்றாக இருக்கிறது. சுருட்டு என்றதும் எனக்கு என் தாயாரின் கைகள் நினைவுக்கு வந்ததைச் சொல்லவும் வேண்டுமோ?

இடையே ஒன்று. வெனிசுலா நாட்டில் பொருளாதாரம் சரிந்து, பணம் மதிப்பிழந்த 2017ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இதே விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைக்கும் பொன்னை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு விற்று வயிறு கழுவியவர்கள் பலர். விளையாட்டின் விதிப்படி அப்படி விற்கக் கூடாது. ஆனால் பசிக்கு விதி ஏது? அவர்களுக்கு அந்த உலகத்தில் படி ஒரு பொருட்டில்லை. மணிக்கு எத்தனை டிராகன் என்பதே கணக்கு. விளையாட்டு அவர்களுக்குப் பீடியாகிவிட்டது. நான் சுளகருகே அமர்ந்து ஓய்வுக்காக வெட்டிய அதே உலகத்தில், வேறொரு தேசத்துப் பெண் கூலிக்காக வெட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்றிருந்தால்கூட எனக்குத் தெரிந்திராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தாயாருக்கு ஒரு கணக்குப் போட்டேன். அவர் பதின்மூன்று வயதில் சுளகு பிடித்தவர். இப்போது வயது நாற்பத்தொன்று. ஆக 28 ஆண்டு. ஆயிரம் சுற்றிய நாளும் உண்டு. பிள்ளைப்பேறு, காய்ச்சல், இலை கிடைக்காத நாள் எல்லாம் உண்டு. சராசரி நாளைக்கு 700, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தேன். ஆண்டுக்கு 2,10,000. இருபத்தெட்டு ஆண்டுக்கு 58,80,000. ஐம்பத்தெட்டு இலட்சத்து எண்பதாயிரம் பீடி!

ஒரு பீடிக்கு ஒரு வில்லோக் கட்டையின் புள்ளியைக் கொடுத்தேன்: 67.5. விளையாட்டின் 99ஆம் படிக்கு 1,93,103 பீடி போதும். கை பழகாத தொடக்க நாட்களைக் கழித்தாலும் பதினைந்து வயதுக்குள் அவர் 99ஐத் தொட்டிருப்பார். அதற்கு மேல் படி கிடையாது. புள்ளி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிக்கும் விளையாட்டு ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஒரு திறனுக்கு 20 கோடி. அதற்கு மேல் எண்ணுவதே இல்லை. என் தாயாரின் மொத்தமோ 39 கோடியே 69 இலட்சம். ஏறக்குறையப் பதினான்காம் ஆண்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். உலகமெங்கும் ஆடுகிறவர்கள் ஒரு திறனில் எட்டினால் கொண்டாடும் எல்லை அது. நான் பிறந்து சில ஆண்டுகளில் அவர் அதைக் கடந்து போயிருக்கிறார். வாணவேடிக்கை ஏதும் வெடித்ததாக எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை.

எண்ணாமல் இல்லை. பீடித்தொழிலைப்போல் எண்ணும் தொழில் வேறில்லை. கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு, எல்லாம் பாஸ் புத்தகத்தில் ஏறும். கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். 1966இல் பீடித் தொழிலாளர்களுக்குச் சட்டம் வந்தது. 1976இல் நலநிதிக்குச் சட்டம் வந்தது. அந்த நிதியின் உதவித்தொகையில் என் பள்ளிச் செலவில் ஒரு பங்கு கழிந்திருக்கிறது, அதை நான் மறப்பதற்கில்லை. ஆனால் ஆயிரத்துக்குக் கூலி என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நேற்றுச் சுளகு பிடித்த பெண்ணின் ஆயிரத்துக்கும் என் தாயாரின் ஆயிரத்துக்கும் ஒரே கூலி. அவர் விரைவாகச் சுற்றுவதால் நாளைக்குக் கூடுதலாகச் சுற்றலாம், கழிவும் குறைவு. அவ்வளவே அந்த 28 ஆண்டுக்குப் பலன். விரைவும் வயதோடு போகும். முதுகு வலிக்கும் நாளில் 500கூட ஆவதில்லை. அந்தப் பரமபதப் பாம்பு அவருக்கு மட்டும் உண்டு. புள்ளி இருக்கிறது, படி இல்லை. நான் ஆடிய விளையாட்டை எவரேனும் இப்படி எழுதியிருந்தால் ஒருவரும் ஆட மாட்டார்கள்.

நான் படிக்கும் பட்டத்தை இதோடு வைத்துப் பார்க்கிறேன். ஆறு பருவம், இத்தனை தாள், ஒவ்வொன்றுக்கும் எண், கடைசியில் ஒரு படி. அந்தப் படியைத்தான் என் வீட்டார் வாங்கித்தர முயல்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது எனக்கும் தெரியாது. எங்கள் தெருவில் இளங்கலை முடித்த அக்காமார் இருவர் இன்னும் சுளகோடுதான் இருக்கிறார்கள்.

கணக்கை முடித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே தாயாரிடம் சொன்னேன். கட்டு கட்டாக அடுக்கிக்கொண்டே கேட்டார். விளையாட்டில் 99 என்றால் என்ன, 20 கோடி என்றால் என்ன என்று விளக்கினேன். “அம்பத்தெட்டு லச்சமா?” என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு,

“அந்த வெளையாட்டுல தொண்ணூத்தொன்பது வந்தவளுக்கு ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதலாத் தருவாங்க?” என்றார்.

“நல்ல கோடாலி தருவாங்கம்மா. பெரிய மரமா வெட்டலாம். ஒரு கட்டைக்கு நூத்தி எழுபத்தஞ்சு கூட உண்டு.”

“பரவால்லயே” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டுக்கு நூல் அறுத்தார்.

என் பாத்திரம் 93ஆம் படியில் அந்த ஆற்றங்கரையில் நிற்கிறது. விளையாட்டை அழித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அழகாக இருக்கும், ஆனால் பொய். தேர்வு முடியும்வரை திறப்பதில்லை என்று மட்டும் வைத்திருக்கிறேன். காலையில் பேருந்தில் இப்போது வகையீட்டுச் சமன்பாடுகள்.

மறுநாள் திங்கட்கிழமை கல்லூரி விட்டு வீட்டுக்கு வந்தபோது, எங்கள் திண்ணையில் என் தாயாரோடு மூன்று பேர் சுளகோடு அமர்ந்திருந்தார்கள். கோடி வீட்டு ஆச்சி ஒருவர், எதிர்வீட்டு மதினி, மேலத்தெருவிலிருந்து வந்த, எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஓர் அத்தை. நான் பையை இறக்கி வைக்கு முன்னரே ஆச்சி நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“எனக்கு அம்பது வருசம்ட்டி. சின்னதுல ஆயிரத்தி இருநூறு சுத்துவேன். நோட்ட எடு, போடு கணக்க” என்றார்.